ஓடியது யார்?

ஹப்பல் துறை, ஒன்டாரியோ ஏரிக்கரை
மே 30, 1813

அன்புள்ள கெசியா அக்காவுக்கு,

நேற்று, 1813 மே 29, சனிக்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு, எங்கள் கப்பல் துறையின் மூன்று கிடங்குகளுக்கும் நாங்களே தீ வைத்தோம். எதிரி வைக்கவில்லை, நாங்கள் வைத்தோம். இதை எழுதாமல் வேறு எதையும் எழுத வரவில்லை. இனி நலம் விசாரிக்கிறேன். நான் நலம். இடது கையில் மட்டும் தார் தெறித்துத் தோல் உரிந்திருக்கிறது. நீ சுகம்தானே?

வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிங்ஸ்டன் பக்கமிருந்து எதிரிக் கப்பல்களின் பாய்கள் தெரிந்தன. எங்கள் கப்பல்கள் எல்லாம் ஏரியின் மறுகோடியில் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விடியற்காலையில் படகு படகாக வந்து மேற்குக் கரையில் எதிரிப் பட்டாளத்துச் செஞ்சட்டைக்காரர்கள் இறங்கினார்கள். கரையில் நிறுத்தியிருந்த நம் ஊர்ப்படை இரண்டு முறை சுட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடியது. அதற்குப் பின்னால் நின்ற பட்டாளம்தான் மரவீடுகளுக்குள் புகுந்துகொண்டு தாக்குப் பிடித்தது.

எங்கள் லெப்டினென்டுக்கு இருந்த உத்தரவு ஒன்றுதான். கோட்டை விழுந்தால் கிடங்குகளையும், கட்டிக்கொண்டிருக்கும் கப்பலையும் கொளுத்திவிட வேண்டும், எதிரி கையில் ஒரு முழக் கயிறுகூடக் கிடைக்கக் கூடாது. அதற்காக என்னைக் கப்பலின் பின்பக்கச் சாரத்தில் தீப்பந்தத்தோடு நிறுத்தியிருந்தார்கள். நியூயார்க்கில் ஏழு வருஷம் கப்பல் வரைபடம் கற்றவனுக்குத் தான் வரைந்த கப்பலைக் கொளுத்தும் வேலை.

வாசலில் ஒருவன் ஓடிவந்து கத்தினான். வாசல் காவல் பிலெக் கோஃபின் அதைக் கேட்டு லெப்டினென்டிடம் ஓடினான். கோட்டை போய்விட்டது என்று அவர் கையைத் தூக்கினார். கொளுத்தினோம்.

அரை மணி நேரம் கழித்துக் கோட்டையிலிருந்து ஒரு சார்ஜென்ட் வந்தார். முகமெல்லாம் கரி. கிடங்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "என்னய்யா பண்றீங்க? அவனுங்க படகேறிப் போயிட்டானுங்க. நீங்க எதுக்கு எரிக்கிறீங்க?" என்றார். எங்களில் ஒருவன் கையிலிருந்த பந்தத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல.

ஜெயித்துவிட்டு எரித்திருக்கிறோம், அக்கா. கப்பல் மட்டும் பிழைத்தது. பச்சை ஓக் மரம், லேசில் பிடிக்கவில்லை. பாய், கயிறு, கித்தான் எல்லாம் சாம்பல். பாய் இல்லாத கப்பல் வெறும் மரப்பெட்டி.

ஜோத்தம் அத்தானுடைய ஊர்ப்படைக் கம்பெனியும் அந்தக் கரையில்தான் நின்றது. அவர் வீடு வந்துவிட்டாரா? உன் கல்யாணத்தில் ஒரு தடவை, போன பனிக்காலத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை, அவ்வளவுதான் அவரைப் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் எனக்கு அடையாளம் தெரியாது. உடனே எழுது.

உன் தம்பி,
ஈனோஸ் டட்டில்

*

கோல்ட்புரூக்
ஜூன் 7

அன்புத் தம்பி ஈனோஸுக்கு அக்கா எழுதுவது,

உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கைப்புண்ணுக்குப் பன்றிக் கொழுப்பு தடவு, தண்ணீர் படவிடாதே. கடவுள் புண்ணியத்தில் நான் நலம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. சோளம் விதைத்தாகிவிட்டது. கறுப்பு ஈ இந்த வருஷம் ஆளைத் தின்கிறது.

உன் அத்தானைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவர் பேரில் எந்தச் சேதியும், எந்தக் கடிதமும் எனக்கு வரவில்லை. வந்தால் எழுதாமல் இருப்பேனா?

தபால்காரர் ஹோஸ்கின்ஸ்தான் இங்கே ஊர்ப்படைக் கேப்டனும் என்பது உனக்குத் தெரியும். கடிதத்தைக் கொடுக்கும்போது முத்திரையை இரண்டு தடவை திருப்பிப் பார்க்கிறார். "ஜோத்தமைப் பத்தி ஏதாச்சும் உண்டாம்மா?" என்று கேட்டார். "நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க, நீங்கதான் சொல்லணும்" என்றேன். அவரும் அன்றைக்குக் காட்டுக்குள் ஓடியவர்தான். முகம் சிவந்துபோனார்.

வாசலில் வந்து கத்திய ஆள் யார் என்று தெரிந்ததா? எப்படிப்பட்ட ஆள், என்ன சட்டை? இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதனால் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
கெசியா ரூட்

*

ஹப்பல் துறை
ஜூன் 15

அக்காவுக்கு,

நான் நலம், நீயும் நலமென்று நம்புகிறேன். கை ஆறிவிட்டது.

அத்தானைத் தேடி ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு இரண்டு முறை போனேன். அவர் இல்லை. புதைத்தவர்களின் பெயர்களையும் கேட்டேன், அதிலும் இல்லை. கைதியாகக் கிங்ஸ்டனுக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்கிறார்கள். உனக்கு ஆறுதலாக எதையாவது எழுத வேண்டும் என்று தெரிகிறது, எனக்கு வரமாட்டேன் என்கிறது. தெரிந்ததை எழுதிவிட்டேன்.

இங்கே விசாரணைக் குழு உட்கார்ந்திருக்கிறது. தலைநகரத்திலிருந்து மூன்று அதிகாரிகள். கிடங்கை எரித்தது ஏன் என்று கேட்கிறார்கள். லெப்டினென்ட், பொய்ச் செய்தி வந்தது என்கிறார். பொய்ச் செய்தி கொண்டுவந்தவனைக் கொண்டுவா என்கிறார்கள். இப்போது துறை முழுக்கத் தேடுவது அந்த ஒருவனைத்தான்.

அவன் ஊர்ப்படை ஆள், பழுப்புச் சட்டை, தலையில் தொப்பி இல்லை. நடு உயரம். முகமெல்லாம் துப்பாக்கி மருந்துக் கரி. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. சாரத்திலிருந்து நான் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன்: அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கரிமுகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் தலையில் இடி விழுவதைச் சொல்ல வந்தவன் ஏன் சிரிக்க வேண்டும்? கிங்ஸ்டன்காரர்களிடம் கூலி வாங்கியவன் என்று பிலெக் சொல்வது பொய்யாக இருக்காது.

பிலெக் இப்போது பெரிய மனிதன். சாராயக் கடையில் ஒவ்வொரு நாளும் கதையைச் சொல்கிறான், ஒவ்வொரு நாளும் அது வளர்கிறது. முதல் நாள் அந்த ஆள் ஓடிவந்தான். இப்போது குதிரையில் வருகிறான்.

அவன் பிடிபட்டால் தூக்கு என்கிறார்கள். கயிறு இல்லையே என்று ஒருவன் சிரித்தான். பஞ்சுக் கயிறாவது நானே திரித்துத் தருகிறேன் என்றேன். கப்பலுக்குப் பாய் தைக்க ஆளில்லாமல் தச்சர்களின் மனைவிமாரிடம் படுக்கை விரிப்பு கேட்டுக்கொண்டிருக்கிறோம். என் கோபம் உனக்குப் புரியும்.

அன்புடன்,
ஈனோஸ்

*

ஹப்பல் துறை
ஜூலை 6

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்பதுதான் தெரியவில்லை. மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. காய்ச்சலா? இங்கே பாதிப் பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள், அதனால் கேட்கிறேன்.

என் போன கடிதம் கிடைத்ததா, இல்லை ஹோஸ்கின்ஸ் வைத்துக்கொண்டாரா? கிடைத்தது என்று ஒரே வார்த்தை எழுதிப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

கப்பல் தண்ணீரில் இறங்கிவிட்டது. வரைந்ததைவிட ஒரு விரல் தாழ்வாக மிதக்கிறது, பச்சை மரத்தின் கனம். தலைமைத் தச்சர் என்னைப் பார்த்து, "ஒன் கணக்கு தப்புடா தம்பி" என்றார். "கணக்கு சரி, மரம்தான் தப்பு" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை அவர்.

அத்தான் இல்லாமல் புல் அறுப்புக்கு என்ன செய்வாய்? அரிவாள் பிடிக்க ஆள் கிடைக்காத வருஷம். எனக்கு ஆறு நாள் விடுப்பு தருவார்கள். வரட்டுமா? எனக்கு அறுக்கத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன். பதில் எழுது.

ஈனோஸ்

*

கோல்ட்புரூக்
ஜூலை 13

தம்பிக்கு,

நான் நலமே. நீயும் காய்ச்சல் வராமல் இரு, கொதிக்க வைத்த தண்ணீர் குடி.

நீ வர வேண்டாம். புல் அறுத்து, காயவைத்து, கொட்டிலில் ஏற்றியாகிவிட்டது. ஏரிப் பக்கத்து வயலும் முடிந்தது. அதனால் விடுப்பு எடுத்து உன் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. இப்போது வராதே.

உன் ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. அதைப் படித்த அன்றைக்கு எழுத உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. அப்புறம் தினமும் ஏதாவது வேலை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஆள் வாசலில் என்ன சொன்னான்? பிலெக் சொல்வது வேண்டாம். லெப்டினென்ட் சொன்னதும் வேண்டாம். உன் காதால் கேட்ட வார்த்தை. அவன் வாயிலிருந்து வந்தது எப்படியோ அப்படியே எழுது. ஒன்றும் சேர்க்காதே, ஒன்றும் விடாதே. நீ அளவு பார்த்து வேலை செய்கிறவன், உன்னால் முடியும்.

கடவுள் துணை.

கெசியா

*

ஹப்பல் துறை
ஜூலை 19

அக்காவுக்கு,

நான் நலம். நீ கேட்பது எதற்கென்று புரியவில்லை. கிடங்கு எரிந்து ஏழு வாரமாகிறது, இப்போது வார்த்தையை வைத்து என்ன செய்வது? கேட்டாய், எழுதுகிறேன்.

அவன் வாசலைப் பிடித்துக்கொண்டு, "ஓடுறாங்க, ஓடுறாங்க" என்றான். மூன்று நான்கு தடவை.

பிலெக் கேட்டான்: "யாருய்யா ஓடுறது?"

அவன்: "எல்லாருந்தான். ஒருத்தன் நிக்கல."

பிலெக்: "கோட்டை?"

அதற்கு அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. பீரங்கி வெடித்தது. பிலெக் அதற்குள் பாதி தூரம் ஓடிவிட்டான். அந்த ஆள் வேறு எதையோ கேட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான், யாரையோ தேடுகிற மாதிரி. அவ்வளவுதான்.

ஊர்ப்படை ஓடியதை நாங்கள் காலையிலேயே கேள்விப்பட்டிருந்தோம். இப்போது பட்டாளமும் ஓடுகிறது என்றால் கோட்டை போயிற்று என்றுதான் அர்த்தம். பிலெக் லெப்டினென்டிடம் "கோட்டை போச்சு" என்றான். குழுவுக்குக் கொடுத்த வாக்குமூலத்திலும் அந்த ஆள் "கோட்டை போச்சு" என்று சொன்னதாகவே எழுதியிருக்கிறது. சாட்சி என்று என்னிடம் கையெழுத்து கேட்டார்கள். போட்டேன். வார்த்தை வேறாக இருந்தால் என்ன, பொருள் ஒன்றுதானே. எனக்கு அன்றைக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது.

இன்னொன்று. உன் கடிதத்தை மறுபடி படித்தேன். இரண்டு வயலையும் இந்த மழைக்கு நடுவில் ஒரு பெண் தனியாக அறுத்து ஏற்ற முடியாது. கணக்கு எங்கேயோ உதைக்கிறது. யாரை வைத்து அறுத்தாய்?

ஈனோஸ்

*

கோல்ட்புரூக்
ஜூலை 28

அன்புத் தம்பிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. தகரப் பாத்திரம் விற்கிற ஏபெல் துறைப் பக்கம் போகிறார், கெட்டிலுக்குள் வைத்துக் கொண்டுவருவார். படித்துவிட்டு அடுப்பில் போடு. நான் நலம். வீட்டில் எல்லோரும் நலம்.

உனக்கு ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். பேர் எதற்கு, ஒரு ஆள் என்று வைத்துக்கொள்.

அவனும் அன்றைக்கு ஊர்ப்படையோடு காட்டுக்குள் ஓடியவன்தான். அதை அவன் மறைக்கவில்லை. "எல்லாரும் ஓடுனாங்க, என் காலும் ஓடுச்சு" என்றான். ஆனால் கொஞ்ச தூரத்தில் வெட்கம் பிடித்துக்கொண்டது. இவனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் திரும்பி வந்து, விழுந்து கிடந்த மரங்களுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் சுட்டார்கள். அவர்கள் படுத்திருந்த இடத்திலிருந்து கரை தெரியும். உங்கள் துறையிலிருந்து தெரியாது, நடுவே மேடு.

அப்போது செஞ்சட்டைக்காரர்கள் திரும்பினார்கள். முதலில் நடந்தார்களாம், அப்புறம் ஓடினார்களாம். காயம்பட்டவனை விட்டுவிட்டு, துப்பாக்கியை விட்டுவிட்டு, இடுப்புத் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தார்களாம். எல்லோருமே. ஒருத்தன் நிற்கவில்லை.

கூட இருந்தவர்கள் தொப்பியைத் தூக்கி வீசினார்கள். இவனும் வீசினான். இவனுக்கு மட்டும் அங்கே நிற்கத் தோன்றவில்லை. இவன் மனைவியின் தம்பி ஒருவன் அந்தத் துறையில் கப்பல் கட்டுகிறான். இரவெல்லாம் அவனை நினைத்து மனைவி அழுததை இவன் பார்த்திருக்கிறான். முதலில் போய் அவனிடம் சொல்ல வேண்டும் என்று ஓடினான். யாரும் அனுப்பவில்லை. சந்தோஷம் தாங்காமல் ஓடினான்.

வாசலில் நின்று சொன்னான். யாரைத் தேடினான் என்று உனக்கு இப்போது தெரியும்.

"யாரு ஓடுறது" என்று கேட்டார்கள். "எல்லாருந்தான்" என்றான். யாருடைய எல்லோரும் என்று நீங்கள் கேட்கவில்லை. அவனுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவன் கண்ணுக்கு முன்னால் ஓடியவர்கள் ஒரு பக்கத்து ஆட்கள்தானே, அதை ஏன் சொல்ல வேண்டும்?

பிறகு புகை வந்தது. எதிரியின் குண்டு விழுந்து எரிகிறது என்று நினைத்து வாளி எடுக்க ஓடியிருக்கிறான். அப்போது யாரோ அவனைக் காட்டி, "அந்தா, சேதி சொன்னவன் அவந்தான்" என்று கத்தினார்கள். அதற்குமேல் அவன் அங்கே இல்லை.

புல்லை யார் அறுத்தது என்று கேட்டாய். பதில் எழுதிவிட்டேன்.

நீ கயிறு திரிப்பதாக எழுதிய கடிதத்தை அவன் படித்தான். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டான். அன்று சாப்பிட வரவில்லை.

உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை.

கெசியா

*

ஹப்பல் துறை
ஆகஸ்ட் 3

அத்தானுக்கு,

ஏபெல் நாளை காலை திரும்புகிறார், இதைக் கொண்டுவருவார். அக்காவின் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு அரை நாள் எந்த வேலையும் ஓடவில்லை. அளவுகோலை எடுப்பேன், வைப்பேன். பக்கத்தில் இருந்தவன், "என்னடா, பேயடிச்ச மாதிரி இருக்க" என்றான்.

நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றதை நான் துரோகம் என்று எழுதினேன். சந்தோஷத்தில் ஒருவன் சிரிப்பான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அன்று காலை முழுக்கத் தோற்கத் தயாராக நின்றோம். பந்தம் கையில் இருந்தது, தார் காலடியில் இருந்தது. வந்த வார்த்தையை அதற்கு ஏற்ற மாதிரிக் கேட்டுக்கொண்டோம்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். பிலெக் "கோட்டை?" என்று கேட்டானே, அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? எனக்குக் கேட்கவில்லை. அது தெரிய வேண்டும். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

உங்கள் உடம்பு நலமா? அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈனோஸ்

*

கோல்ட்புரூக்
ஆகஸ்டு 9

மச்சான் ஈனோஸ்,

நான் சொகம். எனக்கு எழுத்து சரியா வராது. கெசியா எழுதித் தரேன்னா, வேணாம்னுட்டேன்.

கோட்டையான்னு அவன் கேட்டான். "கோட்டை கெடக்கட்டும்யா, ஈனோஸ் எங்க, ஈனோஸைக் கூப்பிடு"ன்னேன். அதுதான் சொன்னேன். கோட்டைக்கு என்ன, அது அங்கதான இருக்கு. அவன் மூஞ்சி சாவு வீட்டுல நிக்கிற மாதிரி ஆச்சு. ஏன்டா இவன் சிரிக்கமாட்டேங்குறான்னு நெனச்சேன். உடனே ஓடிட்டான். சரி, ஒன்னக் கூட்டிட்டு வரத்தான் ஓடுறான்னு அங்கயே நின்னேன்.

மேல சாரத்துல நின்ன ஆள் நீதானாமே. நானும் பாத்தேன் மச்சான். தாடியும் கரியுமா இருந்த, யாரோ தச்சன்னு நெனச்சிட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான் நின்னிருக்கோம்.

நானே வந்து அந்த ஆபீசருங்க முன்னால நின்னு சொல்லிடறேன்னு சொல்றேன். கெசியா விடமாட்டேங்குறா. ஹோஸ்கின்ஸ் ரெண்டு தடவ வந்து கொட்டில எட்டிப் பாத்துட்டுப் போனான். அவன் ஓடுன வேகத்த நான் பாத்தேன், அதுக்கே என்னப் புடிச்சிக் குடுப்பான்.

மொளகாய அரைச்சுக் கண்ணுல வச்ச மாதிரி இருக்கு மச்சான், எங்க பொக பாத்தாலும். கெடங்குல எவ்ளோ இருந்துச்சுன்னு மட்டும் எனக்கு எழுதாத.

நீ எனக்காக எதுலயும் மாட்டிக்காத. வேலையப் பாரு.

ஜோத்தம்

*

ஹப்பல் துறை
ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இதை ஏபெல் நேராக உங்கள் கையில் தருவார்.

நேற்று சாயங்காலம் பிலெக்கைப் பார்த்தேன். சாராயக் கடையில் வழக்கம்போல நாலைந்து பேர் நடுவில் உட்கார்ந்திருந்தான். வெளியே கூப்பிட்டேன்.

"அந்த ஆள் கோட்டை போச்சுன்னு சொன்னானா, பிலெக்?"

"சொன்னான்."

"எனக்குக் கேக்கலயே."

"ஒனக்கு எங்க கேக்கும், நீ மேல மரத்துல காக்கா மாதிரி ஒக்காந்திருந்த."

"ஈனோஸைக் கூப்பிடுன்னு சொன்னான்ல?"

அவன் கடை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் நெருங்கினான்.

"கையெழுத்துப் போட்டவன் நீ. அன்னிக்கு இருந்த காதுதானே இது, இல்ல புதுசா மொளைச்சிருக்கா?" என்றான். பிறகு குரலை இறக்கி, "டட்டிலு, இதக் கௌறாத. அவன் பொய் சொன்னான்னு இருந்தா ஒருத்தன் தொங்குவான். நாம தப்பாக் கேட்டோம்னு ஆச்சுன்னா லெப்டினென்ட், நான், நீ, மூணு பேரும் போவோம். எனக்கு நாலு புள்ளைங்க" என்றான்.

அவன் இரண்டரை மாதமாகக் கதை சொன்னது எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. சொல்லச் சொல்ல அவனே அதை நம்பிவிட முடியும் என்று பார்த்திருக்கிறான். முடியவில்லை. "கூப்பிடச் சொன்னான், ஆமா. யார் அந்த ஈனோஸுன்னு அப்ப எனக்கு ஒறைக்கவே இல்ல. ஒன்ன எல்லாரும் டட்டில்னுதான கூப்பிடுறோம்" என்றான். அப்படியே மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

அக்கா, நீ எதையும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்டிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. அத்தான், நீங்கள் வேலையைப் பார்க்கச் சொன்னீர்கள். எனக்கு வேலை ஓடவில்லை. குழு இந்த வாரத்தோடு எழுந்து போகிறது. போகும்போது ஓர் ஆளின் அடையாளத்தை எல்லா ஊருக்கும் எழுதி அனுப்பப் போகிறது, அதற்கடியில் என் கையெழுத்து இருக்கும். அதற்கு முன்னால் நான் செய்யப் போவது இது:

1. நாளை காலை குழு கூடியதும் உள்ளே போய், என் கையெழுத்தை அடிக்கச் சொல்வேன். மாட்டேன் என்றால், அடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.

2. கேட்ட வார்த்தைகளை மட்டும் சொல்வேன். யார் ஓடியதாக நாங்கள் புரிந்துகொண்டோம், உண்மையில் ஓடியது யார் என்பதையும் சொல்வேன். மேட்டுக்கு இந்தப் பக்கமிருந்து கரை தெரியாது என்பதை வரைந்து காட்டுவேன். வரைந்து வைத்துவிட்டேன்.

3. பிலெக்கைப் பற்றிக் கேட்டால், அவன் கேட்ட கேள்வி என் காதிலும்தான் விழுந்தது, எனக்கும் வேறு கேள்வி தோன்றவில்லை என்பேன்.

4. அந்த ஆள் எங்கே என்று கேட்டால் சொல்லமாட்டேன். எத்தனை நாள் உள்ளே வைத்தாலும்.

5. அதனால் கப்பலின் மீதி வரைபடங்களை இன்றே தலைமைத் தச்சரிடம் கொடுத்துவிடுவேன். அவர் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

6. என்னை விட்டதும், விடும் நாள் எதுவானாலும், நேராக அங்கே வருவேன். அத்தான், அன்றைக்கு என்னிடம் சொல்ல வந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள். கேட்கிறேன்.

உங்கள்,
ஈனோஸ்